புனலுக்குள் மட்டும் பெய்த மழை

ரோஸ்கில் எஸ்டேட்டில் மாரியம்மனுக்கு அடுத்தபடியாக ஜனங்கள் நம்பியது லோகேஸ்வரனைத்தான். அம்மன்கூட ஒன்றிரண்டு தடவை வேண்டுதலைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். லோகேஸ்வரன் வாக்குத் தவறியதே இல்லை.

விடிந்ததும் எல்லாருடைய கைப்பேசியிலும் 'டிங்' என்று ஒரு சத்தம்.

“இன்று பிற்பகல் இடியுடன் கூடிய மழை. இப்படிக்கு, வானிலை அதிகாரி.”

பிற்பகலில் பொத்துக்கொண்டு ஊற்றும்.

கேமரன் மலையில் பிற்பகல் என்றாலே பெரும்பாலும் மழைதான் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதையே ஒருத்தர் பதவிப் பெயர் போட்டு, கைப்பேசியில், காலங்காத்தாலே சொன்னால் அதற்குத் தனி மரியாதை. கியா பார்ம் ஸ்ட்ராபெரிக் கடைக்காரர்கள், லெம்பா பெர்த்தாம் தக்காளிக்காரர்கள், லோரி டிரைவர்கள் என்று அவன் வாட்ஸ்அப் குரூப்பில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. ஒரு கல்யாண வீட்டில் முகூர்த்தத்துக்கு ஐயரைக் கேட்டார்கள். பந்தலுக்கு லோகேஸ்வரனைக் கேட்டார்கள்.

இத்தனைக்கும் அவன் வெறும் கிராணி, எஸ்டேட் கணக்குப்பிள்ளை. ஆபீஸில் தேயிலைக் கொழுந்து எடை எழுதிக்கொண்டிருந்தவன். போன வருஷம் கோலாலம்பூர் ஹெட் ஆபீஸ், தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் ஒரு வெள்ளைக் கம்பத்தை நட்டது. கம்பத்தின் தலையில் ஒரு புனல். புனலுக்குள் விரல் நீளத்தில் ஓர் ஆடும் கிண்ணம். மழைத்தண்ணீர் நிறைந்ததும் கிண்ணம் கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் கணக்காகி, நேரே ஹெட் ஆபீஸ் திரைக்குப் போகும். காலையில் கிராணி சொன்ன வானிலையும் அன்றைக்குப் புனல் சொன்ன வானிலையும் ஒத்துப்போனால் திரையில் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு.

“பச்சையிலேயே இருங்க லோகேஸ்,” என்றார் மேனேஜர் நாகப்பன் துரை. “கம்பெனித் தலைவர் டத்தோ வந்து பாக்குறப்போ எல்லாம் பச்சையா இருந்துச்சுன்னா நீங்கதான் அசிஸ்டெண்ட். மேல் பங்களா உங்களுக்குத்தான்.”

மேல் பங்களாவில் சுடுதண்ணீர்க் குழாய் உண்டு. தொழிலாளர் லயத்து வீட்டில், விடியற்காலைக் குளிரில், அடுப்பில் தண்ணீர் காயக் காத்திருந்து காத்திருந்தே பாதி ஆயுளைக் கழித்தவன் லோகேஸ்வரன். அந்தக் குழாயைக் கனவில் திறந்து திறந்து மூடினான்.

அவன் மனைவி துளசியின் கனவு வேறு. மேட்டுக்கு அந்தப் பக்கம், கோலா தெர்லா சாலையைப் பார்த்த சரிவில், லயத்துப் பெண்கள் சேர்ந்து பாத்தி கட்டி முட்டைக்கோஸ் போட்டிருந்தார்கள். துளசிதான் அதற்குத் தலைவி. அவள் சேமிப்பு, உழைப்பு, பேச்சு எல்லாம் கோஸ்தான். மழை இல்லாத நாட்களுக்கு எஸ்டேட் குளத்திலிருந்து ஒரு குழாய் வரும். அதற்கு ஒரு வால்வு. வால்வுக்கு ஒரு சட்டம்.

சட்டத்தைப் போட்டவர் கம்பெனித் தலைவர் டத்தோ அமிர்தலிங்கம். ஒரு வாரம் முழுக்கப் புனலில் மழை விழாவிட்டால் வால்வைத் திறக்கலாம். விழுந்திருந்தால் திறக்கக்கூடாது. ஏனென்றால் குளத்தில் சுற்றுலாப் பயணிகளுக்காக அன்னப்பறவைப் படகு விட்டிருந்தார்கள். குளம் இறங்கினால் அன்னம் சேற்றில் உட்கார்ந்துவிடும்.

சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்த கையோடு மழை காணாமல் போனது.

முதல் நாளே போன் வந்தது. ஹெட் ஆபீஸில் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் யுவனேஸ்வரி.

“மிஸ்டர் லோகேஸ், உங்க எஸ்டேட் சிவப்பா இருக்கு.”

“மழை வரலம்மா.”

“வரும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“நான் சொன்னேன். அது வரல.”

“அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க,” என்று அவள் போனை வைத்தாள்.

லோகேஸ்வரன் அன்றைக்கு நீண்ட நேரம் யோசித்தான். மறுநாள் காலை 'மழை இல்லை' என்று தட்டினான். அழித்தான். மழை இல்லை என்று சொல்லி, வந்துவிட்டால்? நனைந்தவன் வீட்டு வாசலுக்கே வந்து திட்டுவான். மழை வரும் என்று சொல்லி, வராவிட்டால்? காய்ந்தவன் துணியை எடுத்து மடித்துக்கொண்டு பேசாமல் போய்விடுவான். வானிலைத் துறையில் அவன் தானாகக் கண்டுபிடித்த ஒரே விதி இது.

“இன்று பிற்பகல் இடியுடன் கூடிய மழை.”

அன்று பிற்பகல், கழுவித் துடைத்த தட்டு மாதிரி வானம். லோகேஸ்வரன் மேட்டில் ஏறினான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து ஒரு தண்ணீர்ப் போத்தலை உருவினான்.

டக்... டக்... டக்...

கோலாலம்பூரில் பச்சை எரிந்தது.

அதற்குப் பிறகு கை பழகிவிட்டது. தூறல் என்றால் சின்னப் போத்தல். இடியுடன் என்றால் பெரிய போத்தல். ஒருநாள் குளிராக இருந்ததென்று கையிலிருந்த தேத்தண்ணியின் மிச்சத்தையும் ஊற்றினான். ஹெட் ஆபீஸில் அதுவும் மழையாகத்தான் பதிவானது. எறும்புக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரிந்தது.

புனலை ஏமாற்றலாம். ஜனங்கள்? தலைக்கு மேல் ஒரு சொட்டு விழவில்லையே, கேட்க மாட்டார்களா?

கேட்கவில்லை. காரணம், முனியாண்டி.

எஸ்டேட்டில் அம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழா நனையாமல் இருக்க மழையைக் கட்டிப்போடுவது ரோஸ்கில்லில் வழக்கம். ஈர்க்குமாற்றைத் தலைகீழாக மண்ணில் ஊன்றி, ஈர்க்குகளில் காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் குத்தி வைப்பார்கள். மலாய்க்காரர்களும் செய்வதுதான்; பந்தல் போடுகிற சீனர்கூட “கட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் கம்பு இறக்குவார். எஸ்டேட்டில் அதைச் செய்யும் உரிமை முன்னாள் கங்காணி முனியாண்டிக்கு. மனிதர் பேச ஆரம்பித்தால் ஓய மாட்டார்.

“கிராணி தினமும் மழைங்குறாரு. மழையும் கெளம்பி வருது. இல்லேங்கல,” என்று கோயில் வாசலில் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். “பக்கத்துல பிரிஞ்சாங் வரைக்கும் வருது. அப்புறம் எம் மிளகாயப் பாக்குது. திரும்பிப் போயிருது.”

ஜனங்கள் மலைத்துப் போனார்கள். லோகேஸ்வரன் சொன்ன மழை பொய்யில்லை. முனியாண்டி கட்டிய கட்டும் பொய்யில்லை. இரண்டு பேருமே பெரிய ஆட்கள். வராத மழைக்கு இப்படி இரண்டு தகப்பன்மார் கிடைத்தார்கள்.

திருவிழா ஒரு துளி நனையாமல் முடிந்தது. முனியாண்டிக்கு மாலை போட்டார்கள். ஆனால் மேட்டுக்கு அந்தப் பக்கம் கோஸ் இலைகள் ஓரம் கருக ஆரம்பித்திருந்தன. துளசி பெண்களைத் திரட்டிக்கொண்டு முனியாண்டி வீட்டு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, திருவிழாதான் முடிஞ்சுபோச்சே. அந்த விளக்கமாத்தப் புடுங்குங்க. எங்க கோஸு சாவுது.”

“புடுங்கி மூணு நாளாச்சு தங்கச்சி.”

“அப்புறம் ஏன் மழை வரல?”

முனியாண்டி மீசையை ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டார். “கட்டு அப்படி. நான் புடுங்குனாலும் அது விட மாட்டேங்குது. காரம் பூமியில எறங்கிருச்சுலா!”

“கட்டத் தெரிஞ்சவருக்கு அவுக்கத் தெரியலையே,” என்று தலையில் அடித்துக்கொண்டு துளசி நேரே ஆபீஸுக்கு நடந்தாள். லோகேஸ்வரன் அவள் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்தான். எடைக் கணக்கில் தலையைப் புதைத்துக்கொண்டான்.

மேனேஜர் அறைக்குள் பேசியது அத்தனையும் பலகைச் சுவர் வழியாக அவன் காதில் விழுந்தது.

“துரை, வால்வத் திறந்து விடச் சொல்லுங்க. செடியெல்லாம் தலை சாஞ்சிருச்சு.”

“சாயாதேம்மா. தெனமும் மழை பெய்யுதே!”

“எங்க பெய்யுது?”

“எங்கயா? இந்தா, திரையப் பாருங்க. நேத்து மழை. முந்தாநேத்து மழை. ஞாயித்துக்கிழமை பாருங்க, பயங்கர மழை!”

“துரை, ஞாயித்துக்கிழமை நான் வாசல்ல வத்தல் காயப்போட்டேன்.”

“அது உங்க வாசல்மா. இது சிஸ்டம். காலையில மழைன்னு எழுதுனது யாரு? உங்க புருஷன். சாயங்காலம் மழைன்னு சொன்னது யாரு? கம்பம். ரெண்டும் பச்சை. நான் யார நம்புறது, உங்க வத்தலையா?”

துளசி வெளியே வந்தாள். கணவனின் மேசை முன்னால் ஒரு கணம் நின்றாள். கருகிய கோஸ் இலை ஒன்றை அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள். லோகேஸ்வரனுக்கு அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் பிற்பகல். மேட்டில் ஈ காக்கை இல்லை. லோகேஸ்வரன் பெரிய போத்தலைத் திறந்து புனலில் சரித்தான். டக்... டக்...

“அது நிறையுற வரைக்கும் ஊத்துங்க.”

போத்தல் கை நழுவியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில், இடுப்பில் கை வைத்தபடி, துளசி!

“நீயா? இது... இது வந்து... டெஸ்டிங்...”

“நான் காலையில எம்புட்டுத் தூரம் போயி, ஓடையில அடியில கெடக்குற தண்ணிய மொண்டு, ஒவ்வொரு செடிக்கா ஊத்திட்டு வர்றேன். நீங்க இந்தக் கம்பத்துக்கு ஊத்துறீங்க. கம்பம் கோஸு காய்க்குமாங்க?”

“பங்களா துளசி... டத்தோ வர்ற வரைக்கும்தான்...”

“பங்களாவுல என்ன பண்ணப் போறோம்?”

“சுடுதண்ணி...”

“சுடுதண்ணி!” அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு அவன் பயந்தான். “நீங்க ஊத்துற ஒவ்வொரு போத்தலும் எங்க வால்வுக்குப் பூட்டு. தெரிஞ்சேதான் ஊத்துனீங்களா?”

தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தான். மூடினான். தெரியும். முதல் நாள் தெரியாது. மறுநாள் தெரிந்தது. அதற்கடுத்த நாளும் ஊற்றினான்.

“இனிமே ஒரு வாரம் அது காயணும்,” என்றாள் துளசி. “அதுக்கு மேல எங்க செடி தாங்காது. நீங்க ஊத்துனீங்கன்னா சொல்லிப்புடுங்க. நான் எல்லாத்தையும் புடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிர்றேன்.”

அவள் இறங்கிப் போனாள். கீழே கிடந்த போத்தலில் பாதித் தண்ணீர் இருந்தது. லோகேஸ்வரன் அதைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

மறுநாள் விடிந்ததும் மலை முழுக்க 'டிங்'.

“இன்று மழை இல்லை. இப்படிக்கு, வானிலை அதிகாரி.”

கலவரம்! கியா பார்மிலிருந்து போன் மேல் போன். “என்னலா கிராணி, ஒடம்பு சரியில்லையா?” மழை வரும் என்ற நம்பிக்கையில் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்த ஜனங்களுக்கு, மழை வராது என்றதும் திடீரென்று தாகம் எடுத்தது. கடையில் ஐஸ் தண்ணீர் தீர்ந்துபோனது. முனியாண்டி மட்டும் பூரித்துப் போனார். “கிராணியே ஒத்துக்கிட்டாரு பாத்தீங்களா? எங் கட்டுதான் ஜெயிச்சுச்சு.”

மழை வரவில்லை. புனல் காய்ந்தது. திரையில் பச்சை. லோகேஸ்வரன் நம்ப முடியாமல் பார்த்தான். இருப்பதை இருக்கிறபடி சொன்னாலும் பச்சை வருமா? இது தெரியாமல் எத்தனை போத்தல்!

ஒவ்வொரு நாளாகப் போனது. துளசியும் பெண்களும் ஓடை அடிமண்ணைச் சுரண்டிச் சுரண்டித் தண்ணீர் எடுத்துப் பாதிச் செடியை உயிரோடு வைத்திருந்தார்கள். கடைசி நாள் சாயங்காலக் கணக்கில் பூஜ்யம் விழுந்தால் வால்வு திறந்துவிடும்.

அந்தக் கடைசி நாள்தான் டத்தோ அமிர்தலிங்கம் வருகிற நாள்.

மத்தியானம் வரைக்கும் சுள்ளென்று வெயில். தொழிற்சாலையில் டத்தோவுக்கு மாலை, தேத்தண்ணி, பசியாறல் எல்லாம் தடபுடல். அடுத்து மேட்டில் கம்பத்தைப் பார்வையிடுவதாக ஏற்பாடு. முன்கூட்டியே கம்பத்தைத் துடைத்து வைக்க லோகேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் மேலே போனான்.

துடைத்துக்கொண்டிருக்கும்போது கழுத்தில் சில்லென்று ஏதோ பட்டது. நிமிர்ந்தான்.

மேட்டுக்கு மேலே, தொழிற்சாலைக் கூரை அகலத்துக்கு ஒரு கறுப்பு மேகம். அவ்வளவுதான் அதன் அளவு. அந்தப் பக்கம் கோலா தெர்லாச் சரிவில் வெயில் பளபளவென்று அடித்துக்கொண்டிருந்தது. இந்த மலையில் அது புதிதல்ல. ஒரே சாலையில் லோரியின் முன்பாதி நனையும், பின்பாதி காயும். கோஸுக்கு ஒரு சொட்டு கிடைக்கப் போவதில்லை. ஆனால் புனல் நிறையும். மழை என்று கணக்காகும். வால்வுக்கு இன்னொரு வாரப் பூட்டு!

இத்தனை நாள் கெஞ்சியும் வராத மழை!

சட்டைப் பையைத் தடவினான். கைக்குட்டை. உதவாது. சுற்றுமுற்றும் பார்த்தான். மோட்டார். மோட்டார் கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்!

பாய்ந்தான். எடுத்தான். புனல் மேல் கவிழ்த்தான். அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. அதே நொடியில் வானம் உடைந்து கொட்டியது. காற்று ஹெல்மெட்டைப் பிடுங்கப் பார்த்தது. லோகேஸ்வரன் கம்பத்தை இரண்டு காலாலும் பின்னிக்கொண்டு, ஹெல்மெட்டை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான்.

அந்தக் கோலத்தில்தான் டத்தோவின் வண்டி வந்து நின்றது.

ஆளுக்கொரு குடையோடு இறங்கினார்கள். டத்தோ, நாகப்பன் துரை, கையில் டேப்லெட்டோடு யுவனேஸ்வரி, கேமராக்காரர் ஒருவர். எல்லாரும் கம்பத்தைப் பார்த்தார்கள். கம்பத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வானிலை அதிகாரியைப் பார்த்தார்கள்.

“என்ன பண்றாரு இவரு?” என்றார் டத்தோ.

“கருவிக்குப் பாதுகாப்பு, டத்தோ,” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு நாகப்பன் துரை கம்பத்தருகே ஓடிவந்தார். குரலைத் தாழ்த்தினார். “லோகேஸ், ஹெல்மெட்ட எடுங்க.”

“எடுத்தா மழை விழுந்துரும் துரை.”

“விழட்டும்! இன்னிக்கும் பூஜ்யம்னா வால்வு திறக்கும். குளம் எறங்கிரும். ராத்திரி டத்தோ விருந்தாளிங்களோட அன்னத்துல போறாரு. அன்னம் சேத்துல மாட்டிக்கிச்சுன்னா எங் கதி? சிவப்ப நான் பாத்துக்குறேன். கைய எடுங்க. பங்களா சாவி எம் பையிலதான் இருக்கு.”

பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சாவி கிணுகிணுத்தது.

மழை லோகேஸ்வரனின் முதுகுத்தண்டில் இறங்கி ஓடியது. ஐஸ் மாதிரி. சுடுதண்ணீர்க் குழாய் கண் முன்னால் வந்து நின்றது. கையை எடுத்தால் போதும். அவன் ஊற்ற வேண்டியதில்லை, வானமே ஊற்றிக்கொள்ளும். பாவம்கூட அவன் கணக்கில் வராது.

மேட்டின் விளிம்புக்கு அப்பால், வெயிலில், பழுப்பேறிய பாத்திகள் தெரிந்தன. குடத்தோடு ஒரு சின்ன உருவம் ஏறிக்கொண்டிருந்தது. அது துளசியா, வேறு யாராவதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

“முடியாது துரை,” என்றான்.

“என்ன?”

“சாவிய நீங்களே வச்சுக்குங்க.”

“அங்க என்ன ரகசியம்?” டத்தோ நெருங்கி வந்தார். “வானிலை எப்படி இருக்கு இன்னிக்கு?”

யுவனேஸ்வரி டேப்லெட்டைத் துடைத்தாள். மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தாள். “காலையில மழை இல்லைன்னு சொல்லியிருக்காங்க, டத்தோ. கம்பமும் பூஜ்யம்னுதான் சொல்லுது. மழை இல்லை.”

அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு திரையில் விழுந்தது.

டத்தோ வானத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். திரும்ப வானத்தைப் பார்த்தார். இரண்டில் எதை ஆண்டறிக்கையில் போட முடியும் என்று அவருக்குத் தெரியும்.

“அருமை!” என்றார். “ஒரு போட்டோ எடுங்க.”

“குடை தெரியுது, டத்தோ,” என்றார் கேமராக்காரர்.

“மழை இல்லாதப்போ குடை எதுக்கு? மடக்குங்க எல்லாரும்!”

மடக்கினார்கள். கொட்டுகிற மழையில், ஈரம் சொட்டச் சொட்ட, மழையில்லாத நாளை நினைத்துச் சிரித்தார்கள். லோகேஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கை மரத்திருந்தது. யாராவது அவனை இறங்கி வரச் சொல்வார்கள் என்று பார்த்தான். படத்துக்கு அழகாக இருக்கிறது, அப்படியே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மேகம் வந்த வேகத்திலேயே கலைந்தது. அப்போது சாயங்காலக் கணக்கு விழுந்து டேப்லெட் 'டிங்' என்றது.

“ஒரு வாரமா மழை இல்லை, டத்தோ. கோஸ் தோட்டத்துக்கு வால்வத் திறக்கணுமான்னு சிஸ்டம் கேக்குது,” என்றாள் யுவனேஸ்வரி. “நீங்க போட்ட சட்டம்.”

“டத்தோ, குளம்...” என்று ஆரம்பித்தார் நாகப்பன் துரை.

“நான் போட்டதா? நல்ல சட்டமா இருக்கே!” டத்தோ கேமராவைப் பார்த்துத் திரும்பி நின்று, விரலை உயர்த்தி, திரையில் ஓர் அழுத்து அழுத்தினார்.

கீழே எங்கோ குழாய் இருமியது. பிறகு ஓடியது.

அன்று இரவு அன்னப்பறவை சேற்றில் உட்கார்ந்தது. டத்தோவையும் விருந்தாளிகளையும் தூக்கிக் கரை சேர்த்தவர் படகுத் துறைக் காவலாளி ராதாகிருஷ்ணன். மேல் பங்களா அவருக்குக் கிடைத்தது. லோகேஸ்வரனுக்கு நாகப்பன் துரை எடைக் கணக்கையே திருப்பிக் கொடுத்தார். வானிலையையும் கூடவே விட்டுவைத்தார், அதை எடுத்துச் செய்ய வேறு யாரும் முன்வராததால்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று சாயங்காலம் அவன் நேரே பாத்திக்குத்தான் போனான். தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன. பெண்கள் குடங்களைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

துளசி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “எங்க விழுந்து எந்திரிச்சு வர்றீங்க?”

“மேட்டுல மழை.”

“நெசமாவா? போத்தல்லயா?”

“நெசமாத்தான்.”

“அப்புறம் எப்படி வால்வு திறந்துச்சு?”

அவன் சொன்னான். ஹெல்மெட்டைச் சொன்னான், சாவியைச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. தலைத்துண்டை அவிழ்த்து அவன் தலையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகவே துவட்டினாள். “இந்தக் கடைசிப் பாத்தி போச்சு. மத்தது பொழைச்சுக்கும். வாய் பாத்துக்கிட்டு நிக்காம அந்தப் பைப்ப இங்குட்டுத் திருப்புங்க.”

திருப்பினான். பையில் போன் அடித்தது. கியா பார்ம் கடைக்கார அண்ணன்.

“கிராணி, நாளைக்கு மழையா, வெயிலா?”

லோகேஸ்வரன் வானத்தைப் பார்த்தான். பாதி கறுப்பு, பாதி வெள்ளை.

“தெரியலண்ணே.”

அந்தப் பக்கம் அண்ணன் போனைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“தெரியலைன்னா? பச்சை மிளகாயக் காயப் போடவா, வேணாமா? அதச் சொல்லுலா!”